அளவுக்கு மீறிய மனிதத் தொடர்பு

ஏழு வருடத்துக்கு மேல் இரவுப் பணியில் இருந்த ஒருவனைத் திடீரென்று பகலில் அவிழ்த்துவிட்டால் அவன் யாரையாவது கடித்துவைப்பான் என்று குடிநீர் வாரியத்தில் யாருக்கோ தோன்றியது. தோன்றியதை அவர் மனதோடு வைத்துக்கொள்ளவில்லை, சுற்றறிக்கை ஆக்கிவிட்டார். இரவில் வேலை பார்ப்பவர்கள் நாளடைவில் சக மனிதர்களோடு பழகும் திறனை இழக்கிறார்கள் என்றும், அந்தத் திறன் மழுங்காமல் காப்பது வாரியத்தின் தலையாய கடமை என்றும், அதற்கான சான்றிதழ் இல்லாத எவரையும் இனிப் பகல் பணிக்கு அனுமதிக்க முடியாது என்றும் அதில் இருந்தது. ஆறு பக்கச் சுற்றறிக்கையில் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

இதற்கென்றே ஒரு புதுப் பிரிவு திறந்தார்கள். மனிதத் தொடர்புத் திறன் மேம்பாட்டுப் பிரிவு என்று பெயர். பெயர் பலகையில் அடங்காததால் பலகையை மாற்ற ஒரு மாதமும், பலகை சுவரில் அடங்காததால் சுவரை நீட்ட இரண்டு மாதமும் ஆயின. ஊழியர்கள் வாய்க்கு அடக்கமாகச் சிரிப்பாபீஸ் என்று சொல்லிக்கொண்டார்கள்.

பம்புக்காரருக்கு அந்தச் சுற்றறிக்கை வந்த வேளை சரியில்லை. பதினோரு வருடமாக நகரத்தின் ஓரத்தில் ஒரு நீரேற்று நிலையத்தில் மாலை ஏழிலிருந்து காலை ஏழு வரை தனியாக இருப்பவர் அவர். மூன்று மோட்டார், ஒரு நாற்காலி, ஒரு தொலைபேசி, அவர். இப்போதுதான் ஆற்றங்கரை நிலையத்தின் பகல் ஆபரேட்டர் ஓய்வு பெறப் போகிறார் என்று காதில் விழுந்து, விழுந்த அன்றே அந்த இடத்தைக் கேட்டு விண்ணப்பம் போட்டிருந்தார்.

அவர் காலையில் வீட்டுக்கு வரும்போது மணி ஏழே முக்கால். கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் மனைவி, மகளைப் பள்ளியில் விட்டுப் போவதற்காக எட்டுக்கு வீட்டைப் பூட்டாத குறையாகக் கிளம்புவாள். அவள் திரும்புவதற்கு இருபது நிமிடம் முன்னால் அவர் வேலைக்குப் போயிருப்பார். ஆக, அந்தக் காலைக் கால் மணி நேரம்தான் அவர்களுடைய குடும்ப வாழ்க்கை. அதிலும் பாதி, குளியலறைக் கதவைத் தட்டுவதில் போய்விடும். மகளுக்கு ஒன்பது வயது. அப்பாவின் உயரத்தை அவள் நீளம் என்றுதான் சொல்வாள். அவர் நின்று பார்த்ததைவிடப் படுத்துக் கிடக்கப் பார்த்ததுதான் அதிகம்.

இந்த இடத்தை விட்டால் அடுத்த பகல் இடம் காலியாக ஆறு வருடம் ஆகும் என்று அவர் சொன்னபோது மனைவி விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"அப்ப அவளுக்குப் பதினஞ்சு," என்றாள். "நீங்க பகலுக்கு வந்து சேர்றப்ப அவ அவளோட ரூம் கதவைச் சாத்திட்டு உள்ள இருப்பா. பாத்துக்குங்க."

பார்த்துக்கொள்வதற்காகத்தான் பம்புக்காரர் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தார்.

இரவுப் பணியாளர்களுக்கான பயிற்சி பகல் பதினோரு மணிக்கு நடந்தது. அந்த நேரத்தில்தான் பயிற்றுநருக்கு உற்சாகமாக இருக்கும் என்று காரணம் சொன்னார்கள். பம்பு ஓட்டுபவர்கள், குளோரின் கலப்பவர்கள், குழாய் உடைப்பைக் காவல் காப்பவர்கள் என்று நாற்பது பேர் வந்திருந்தார்கள். பன்னிரண்டு மணி நேரம் கண் விழித்துவிட்டுப் படுக்காமலே வந்தவர்கள். அறைக்குள் ஒரே ஒரு கொட்டாவி சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு மூலையில் கிளம்பி, வரிசை வரிசையாகப் போய், கிளம்பியவரிடமே திரும்பி வந்தது.

பயிற்றுநர் இளவயசுக்காரர். நாற்பது பேர் இருந்த சின்ன அறையில் ஒலிபெருக்கி வைத்துப் பேசினார். புன்னகை என்பது நான்கு விநாடி இருக்க வேண்டும் என்றார். மூன்றில் நிறுத்தினால் அலட்சியம், ஐந்தைத் தாண்டினால் உள்நோக்கம். அதற்குப் பிறகு பெயரைக் கேட்க வேண்டும், வானிலையைச் சொல்ல வேண்டும், குடும்பத்தை விசாரிக்க வேண்டும், பதில் வருவதற்குள் விடைபெற வேண்டும். இந்த முறையின் மகிமையைத் தன் அனுபவத்திலிருந்தே விளக்கினார்.

"ஒன்பது வருஷமா மனிதத் தொடர்பு சொல்லிக்குடுக்கிறேன். ஆயிரக்கணக்கான பேர் எங்கிட்டப் படிச்சுட்டுப் போயிருக்காங்க. இன்னிக்கு வரைக்கும் ஒருத்தர் பேரைக்கூட நான் ஞாபகம் வெச்சுக்க வேண்டிய அவசியமே வரலை. அவ்வளவு பலமான முறை இது."

சிலர் கை தட்டினார்கள். தட்டினால் தூக்கம் கலையும் என்பதற்காக.

முதல் பயிற்சி, பக்கத்தில் இருப்பவரின் கண்களை இரண்டு நிமிடம் உற்றுப் பார்ப்பது. ஒரு நிமிடம் முடிவதற்குள் பதினோரு ஜோடிகள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து உறங்கிவிட்டார்கள். பயிற்றுநர் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டுப் பூனை நடையில் போய் அவர்களைப் புகைப்படம் எடுத்தார். முன்பின் தெரியாதவர்களுக்கிடையே அறுபதே விநாடியில் ஆழ்ந்த நம்பிக்கை ஏற்பட்டது என்ற குறிப்போடு அந்தப் படம் வாரியத்தின் ஆண்டறிக்கையில் அட்டையாக வந்தது.

வகுப்பு முடிவில் ஆளுக்கொரு தடித்த ஏடு கொடுத்தார்கள். தொடர்பு ஏடு. ஒவ்வொரு இரவும் ஏழு மனிதர்களோடு தொடர்பு கொண்டு, பேர், நேரம், கண்ணுக்குக் கண் பார்த்த விநாடிகள் எல்லாம் எழுதி, எதிராளியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பம்புக்காரர் எழுந்து நின்றார்.

"சார், நான் அங்க தனி ஆளு. ராத்திரி யாரும் வரமாட்டாங்க."

"அதான் உங்க பிரச்சனையே," என்றார் பயிற்றுநர். "யாரும் உங்ககிட்ட வரமாட்டேங்கிறாங்க. ஏன்னு என்னிக்காவது யோசிச்சீங்களா?"

"கேட்டைப் பூட்டி வெச்சிருக்கு சார். அந்நியர் உள்ளே வந்தால் தண்டனைன்னு வாரியமே பலகை மாட்டியிருக்கு."

"பலகை மேல பழி போடாதீங்க."

பம்புக்காரர் உட்காரவில்லை. போனில் பேசினால் கணக்கில் சேருமா என்று கேட்டார். பயிற்றுநர் ஏட்டைப் புரட்டிப் பார்த்தார். கண்ணுக்குக் கண் பார்த்த விநாடிகள் என்ற கட்டத்தைப் போன்காரர் எப்படி நிரப்புவார் என்று திருப்பிக் கேட்டார். சேராது.

சேராமல் போன அந்தப் போன் விஷயத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நகரத்தின் மறுகோடியில் ஒரு மேட்டின்மேல் பெரிய தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதன் அடியில் ஓர் அறையில் இரவெல்லாம் உட்கார்ந்திருப்பவர் தொட்டிக்காரர். மணிக்கொரு தரம் பம்புக்காரர் போன் செய்வார். தொட்டிக்காரர் அளவுகோலைப் பார்த்து, மூணே கால், நாலரை என்று நீர்மட்டத்தைச் சொல்வார். அதை வைத்து இவர் மோட்டாரை ஓட்டுவார், நிறுத்துவார். வேலை அவ்வளவுதான். ஆனால் பதினோரு வருடம், இரவுக்குப் பன்னிரண்டு தரம். மூணே கால் என்பதை அவர் இழுத்துச் சொன்னால் பல்வலி, வெட்டிச் சொன்னால் வெளியூர் அக்காவோடு சண்டை என்று பம்புக்காரருக்குத் தெரியும். மகள் பிறந்த சேதியை இவர் முதலில் சொன்னது அவரிடம்தான். இன்னொரு சேதியும் உண்டு. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. இவர் ஊரின் இந்தக் கோடி, அவர் அந்தக் கோடி. இருவருக்கும் பகல் என்பது தூங்குகிற நேரம். பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போது பார்ப்பதற்கு என்ன இருக்கிறது.

"என்ன தொட்டி, இனிமே ராத்திரிக்கு ஏழு பேராம்," என்று அன்றிரவு பம்புக்காரர் முறையிட்டார்.

"நான் ஒருத்தன்தான் இருக்கேன். என்னை ஏழா வெட்டிக்கோ," என்றார் தொட்டிக்காரர்.

பம்புக்காரர் ஏட்டை எடுத்துக்கொண்டு கேட் அருகே நின்றார். முதல் இரவு ஒரு ரோந்துக் காவலர் வந்தார். இவர் பாடத்தில் உள்ளபடி நான்கு விநாடி புன்னகைத்துப் பேரைக் கேட்டார். காவலர் இவருடைய பேரைக் கேட்டார், ஊரைக் கேட்டார், கையை விரித்துக் காட்டச் சொன்னார். இரண்டாவது இரவு குடித்துவிட்டுப் போன ஒருவர் மிகுந்த பிரியத்தோடு ஏழு கட்டத்திலும் அவரே கையெழுத்துப் போட்டார், கையெழுத்து ஏழும் ஏழு விதமாக இருந்தது. அந்த இரவுக்கு மட்டும் முழு மதிப்பெண் கிடைத்தது.

ஐந்தாவது இரவு, பின்பக்கச் சுவரேறி ஒரு திருடன் குதித்தான். பழைய மோட்டாரின் செம்புக்கம்பிக்காக வந்தவன். விளக்கைப் போட்டுக்கொண்டு பம்புக்காரர் எதிரே வந்து நின்றதும் அவன் ஓடத்தான் பார்த்தான். ஆனால் அவர் கையில் தடி இல்லை, பேனா இருந்தது. பேர் என்ன தம்பி, இன்னிக்குக் கொஞ்சம் புழுக்கம், வீட்ல எல்லாரும் எப்படி என்று வரிசை பிசகாமல் கேட்டார். அப்படி யாரும் அவனை விசாரித்து வருடக்கணக்காகியிருக்க வேண்டும். சுவரோரமாக உட்கார்ந்து, மாமனார் தன்னை மதிப்பதில்லை என்பதில் தொடங்கி அரை மணி நேரம் பேசினான். ஏட்டில் வேறொருவன் பேரில் கையெழுத்துப் போட்டான். குறிப்பு என்ற இடத்தில், நல்ல மனிதர், பாவம் தனியாக இருக்கிறார் என்று சொந்தக் கையெழுத்தில் எழுதினான். பிறகு கம்பியை எடுத்துக்கொண்டு போனான்.

பம்புக்காரர் நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினார். சிரிப்பாபீசிலிருந்து மறுநாளே விளக்கம் கேட்டு ஓலை வந்தது. கம்பியைப் பற்றி அல்ல. அரை மணி நேரத் தொடர்பில் கண்ணுக்குக் கண் பார்த்தது மூன்று விநாடி மட்டும் என்று எழுதியிருக்கிறதே, மீதி நேரம் எங்கே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? கம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று இவர் பதில் எழுதினார். பொருள்மேல் நாட்டம், மனிதர்மேல் இல்லை என்று நான்கு மதிப்பெண் குறைத்தார்கள்.

ஒருவழியாக இறுதித் தேர்வுக்குத் தேதி வந்தது. குடும்பத்தைச் சேராத, ஐந்து வருடமாவது பழகிய ஒரு சாட்சியைக் கூட்டிவர வேண்டும் என்றிருந்தது. பம்புக்காரருக்கு அப்படி ஒரே ஓர் ஆள்தானே உண்டு.

"நாளன்னிக்குக் காலைல பதினோரு மணிக்குச் சிரிப்பாபீஸ் வர முடியுமா?" என்று போனில் கேட்டார்.

"பகல்லயா?" என்றார் தொட்டிக்காரர். "வெயில் அடிக்குமே."

"அடிக்கும்."

"சரி. உன் பொண்ணுக்காக வர்றேன். உனக்காகன்னா வரமாட்டேன்."

எப்படி அடையாளம் கண்டுகொள்வது என்று இருவருமே பேசிக்கொள்ளவில்லை. பதினோரு வருடப் பழக்கம். எதிரில் வந்தால் தெரியாமலா போகும்?

அன்று சிரிப்பாபீஸ் நடைகூடத்தில் ஒரே ஒரு பெஞ்சு கிடந்தது. அதற்கு மேலே சுவரில், இங்கே பேசாதீர் என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. பெஞ்சில் குள்ளமாக, பருமனாக, கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் குடையும் பையுமாக முன்னமே உட்கார்ந்திருந்தார். பம்புக்காரர் வந்ததும் அவர் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பம்புக்காரர் உட்கார்ந்தார்.

மேட்டின்மேலிருந்து வருகிற குரல் என்பதால் தொட்டிக்காரர் நெட்டையாக, ஒல்லியாக இருப்பார் என்று அவர் பதினோரு வருடமாக முடிவு செய்து வைத்திருந்தார். நெட்டையான ஒருவருக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். மோட்டார்களோடு மல்லுக்கட்டுகிறவன் மலைபோல இருப்பான் என்று தொட்டிக்காரரும் முடிவு செய்து வைத்திருந்தார். அவர் மலைக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினொன்றே கால் ஆயிற்று, பதினொன்றரை ஆயிற்று. கழுத்தறுத்துவிட்டானே என்று பம்புக்காரருக்கு வயிறு எரிந்தது. கூப்பிட்டுவிட்டு வராமல் இருக்கிறானே என்று பக்கத்தில் இன்னொரு வயிறு எரிந்தது. ஐம்பத்தைந்து நிமிடம் இப்படிப் போனது.

பிறகு பம்புக்காரரை உள்ளே கூப்பிட்டார்கள். பெரிய மேசைக்குப் பின்னால் பிரிவின் தலைவரும் பயிற்றுநரும் இருந்தார்கள். தலைவர் சன்னலைப் பார்த்தபடியே பேசினார்.

"சாட்சி எங்க?"

"வரலை சார்."

பயிற்றுநர் கதவைத் திறந்து, வெளியே சாட்சி யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். பருமனான ஆள் எழுந்து உள்ளே வந்தார்.

"நான் பம்புக்குச் சாட்சி சொல்ல வந்தேன் சார். வரச்சொன்ன ஆளைத்தான் இன்னும் காணோம்."

பம்புக்காரர் அந்தக் குரலின் பக்கம் திரும்பினார். "தொட்டி?"

பருமனான ஆள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏய், நீயா அது? இவ்வளவுதானா நீ?"

இருவருக்கும் மேலே பேச வாய்ப்பில்லை. தலைவர் மேசையைத் தட்டினார். பயிற்றுநர் ஒரு சின்னத் திரையைத் திருப்பிக் காட்டினார். நடைகூடத்துப் பெஞ்சு அதில் தெரிந்தது.

"பெஞ்சுதான் பரீட்சை," என்றார் தலைவர். "இந்த ரூம் சும்மா. அம்பத்தஞ்சு நிமிஷம் பக்கத்துல ஒரு மனுஷன் உக்காந்திருக்கான். ஒரு வார்த்தை? அதுவும் பதினோரு வருஷம் பழகின மனுஷன்."

"பேசாதீர்னு எழுதியிருக்கு சார்."

"தடையை மீறி ஒரு வார்த்தை பேசத் தோணுதான்னு பாக்கிறதுதான் பரீட்சை."

"பேசியிருந்தா சார்?"

"விதிமீறல். வெளியே அனுப்பியிருப்போம்."

பிறகு அவர், இதில் தனக்குச் சொந்த விரோதம் எதுவுமில்லை என்று விளக்கினார். "எனக்கு மனுஷங்கன்னா உயிர். அதனாலதான் யாரையும் நேராப் பாக்கிறதில்லை. பாத்தா இரக்கம் வரும், இரக்கம் வந்தா மார்க்கு தப்பாப் போயிரும்." அப்போதும் அவர் கண் சன்னலில்தான் இருந்தது.

பம்புக்காரர் தோற்றார். அத்தோடு விட்டிருக்கலாம். பயிற்றுநர் திரையில் ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டித் தலைவரின் காதில் ஏதோ சொன்னார். பம்புக்காரர் வந்தபோது தொட்டிக்காரர் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாரே, அது பிறருக்கு இடமளித்தல் என்ற தலைப்பில் வருகிறது. இந்த வருடத்தில் அந்தத் தலைப்பில் மதிப்பெண் வாங்கிய முதல் ஆள் அவர்தான்.

"எனக்குச் சர்டிபிகேட் எல்லாம் வேணாம் சார்," என்று பதறினார் தொட்டிக்காரர். "நான் விண்ணப்பமே போடலை."

"வேண்டாம்னு மறுக்கிறது பணிவு. அதுக்கு ரெண்டு மார்க்கு சேத்துக்குங்க," என்றார் தலைவர்.

சான்றிதழ் பெற்றவரை உடனடியாகப் பகலுக்கு மாற்ற வேண்டும், தாமதித்தால் திறன் மறுபடி கெட்டுப்போகும் என்று விதி இருந்தது, பாலைக் காய்ச்சுகிற மாதிரி. காலியாக இருந்த பகல் இடம் ஆற்றங்கரை நிலையத்தில் ஒன்றுதான். தனிக்கட்டையாய், வெயில் கண்ணுக்கு ஆகாமல், இரவே போதும் என்று இருந்த தொட்டிக்காரரைக் குண்டுக்கட்டாகத் தூக்கிப் பகலில் வைத்தார்கள். சாட்சி சொல்ல வந்தவனுக்குப் பெண்ணைக் கட்டிவைத்த கதை.

பம்புக்காரர் வீட்டில் சேதியைச் சொன்னார். மனைவி மூன்று நாள் அவரோடு பேசவில்லை. கால் மணி வீதம் கூட்டினால் முக்கால் மணி நேரம்தான் என்றாலும் அவருக்கு வலித்தது. இரவுகள் அதைவிட மோசம். தொட்டிக்காரர் இருந்த அறையில் ஒரு கருவியைப் பொருத்தியிருந்தார்கள். போன் செய்தால் அது, நீர்மட்டம் மூன்று என்றது. எப்போது கேட்டாலும் மூன்றுதான். தொட்டி வழிந்து மேட்டின் கீழே இருந்த தெருக்களில் கட்டில் மிதந்த அன்றும் அது அதே குரலில் மூன்று என்றது. மனிதத் தொடர்பைக் காப்பாற்றுகிறோம் என்று கிளம்பியவர்கள் அவரிடம் இருந்த ஒரே மனிதத் தொடர்பையும் பிடுங்கிக்கொண்டு போனது பற்றி அவர் யாரிடம் சொல்வார்? சொல்வதற்கு இருந்த ஆளைத்தானே கொண்டுபோனார்கள்.

தொட்டிக்காரர் சும்மா இருக்கவில்லை. மரியாதை இல்லாமல் நடந்துகொண்டால் பழையபடி மேட்டுக்கு விரட்டிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டார். தண்ணீர் கலங்கலாக வருகிறது என்று வந்தவர்களிடம் நிமிர்ந்து பார்க்காமல் நாளைக்கு வாங்க என்றார். நாளைக்கு வந்தவர்களிடம் நேத்தே வர்றதுக்கு என்ன என்றார். யார் பேரையும் கேட்கவில்லை. வணக்கம் சொன்னவர்களுக்குப் பேப்பரைப் புரட்டுகிற சத்தத்தைப் பதிலாகத் தந்தார். புகார் குவியும் என்று காத்திருந்தார். ஒன்றுகூட வரவில்லை. கடைசியில் ஒரு பெரிய அதிகாரியை நமக்குப் போட்டிருக்கிறார்கள் என்று ஜனங்கள் எழுந்து நின்று பேசத் தொடங்கினார்கள். சிரிப்பாபீஸ் தலைவரே பார்வையிட வந்தபோது தொட்டிக்காரர் பேப்பரை இறக்கவில்லை, "உக்காரு, கூப்பிடுறேன்" என்றார். தலைவர் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்தபோது அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

"இருபது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு ஆளுமையை நான் பாத்ததில்லை," என்றார். "இந்த மனுஷன் இருக்க வேண்டிய இடமே வேற."

மறுவாரம் தொட்டிக்காரர் மனிதத் தொடர்புத் திறன் மேம்பாட்டுப் பிரிவின் துணைத் தலைவர் ஆனார். கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்தால் பரவாயில்லை, அவருக்குத் தலையிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஆற்றங்கரை நிலையம் மறுபடி காலி. பம்புக்காரர் மறுபடி விண்ணப்பம் போட்டார். தேர்வுக்கு உள்ளே போனபோது அதே பெரிய மேசை, பக்கத்தில் நின்றபடி அதே பயிற்றுநர். நாற்காலியில் குள்ளமாகப் பருமனாக ஒருவர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எத்தனை வருஷம் நைட்டு?"

"பதினொண்ணு சார்."

"பதினோரு வருஷத்துல எத்தனை பேர்கிட்ட மனசுவிட்டுப் பேசுன?"

"ஒருத்தர்கிட்ட."

"ஒருத்தன்தானா. அவன் எப்படி?"

பம்புக்காரர் யோசித்தார். "கொஞ்சம் வாய்க்கொழுப்பு சார். மத்தபடி நல்ல ஆளு."

பேனா ஒரு கணம் நின்று, பிறகு ஓடியது. பதிலளிப்பில் நேர்மை, பத்துக்குப் பத்து என்று அவர் சத்தமாகச் சொல்ல, பயிற்றுநர் குறித்துக்கொண்டார். சான்றிதழில் கையெழுத்து விழுந்தது. முத்திரை பக்கத்து அறையில் இருந்தது. பயிற்றுநர் அதை எடுக்கப் போன கையோடு தொட்டிக்காரர் தலையைத் தூக்கினார். கண்ணெல்லாம் வெயிலில் சிவந்திருந்தது.

"கேளு," என்றார் அவசரமாக. "வெளிய போனதும் என்னைப் பாராட்டி மேல ஒரு கடுதாசி போடு."

"பாராட்டியா?"

"ஆமாடா. திட்டி எழுதினா இன்னும் மேல தூக்கி வெச்சுருவாங்க. பாராட்டு வந்தாத்தான் விசாரணை வெப்பாங்க. இங்க உக்காந்து இதுவரைக்கும் யாரும் பாராட்டு வாங்கினதே இல்லையாம்."

காலடிச் சத்தம் கேட்டது. அவர் தலை மறுபடி கவிழ்ந்தது. முத்திரை விழுந்ததும் சான்றிதழைத் தூக்கி மேசைமேல் எறிந்தார்.

"இன்னும் ஏன் நிக்கிற? வீட்டுக்குப் போ. பொண்ணு ஸ்கூல்லேருந்து வர்ற நேரம்."

பயிற்றுநர் திடுக்கிட்டார். இவர் வீட்டில் பெண் இருப்பது துணைத் தலைவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவும் துணிந்தார். ஆபீசர்னா எல்லாம் தெரிஞ்சிருக்கணும்யா என்று ஓர் அதட்டலில் அது அடங்கியது.

கடிதம் எழுதுவது லேசாக இல்லை. பகல் பணியில் சேர்ந்த முதல் மாலை, ஆறேகாலுக்கே வீட்டுக்கு வந்துவிட்ட பம்புக்காரர், மனைவியும் மகளும் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்க, மூன்று தாளைக் கிழித்தார். ஓர் அதிகாரியைப் பாராட்டி எழுத அவருக்குப் பழக்கமில்லை. யாருக்கும்தான் இல்லை.

"என்ன பண்ணாரோ அதை எழுதுங்க," என்றாள் மனைவி.

"திட்டினாரும்மா," என்றாள் மகள். "அப்பாதான் சொன்னாரு."

கடைசியில் நான்கு வரி தேறியது. துணைத் தலைவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார். என் வீட்டைப் பற்றி அறிந்திருந்தார். நேரத்தோடு வீட்டுக்குப் போகச் சொன்னார். இவ்வளவுதான். மகள் எழுத்துப்பிழை பார்த்தாள். இரண்டு இருந்தன.

அந்த நான்கு வரி வாரியத்தில் செய்த கலவரம் கொஞ்சமல்ல. நிமிர்ந்து பார்த்தார் என்பதற்கு ஒரு விசாரணை, வீட்டைப் பற்றி அறிந்திருந்தார் என்பதற்குத் தனியாக இன்னொன்று. பயிற்றுநர் சாட்சி சொன்னார், கண்ணில் நீர் வராத குறை. தலைவர் சன்னலைப் பார்த்தபடி தீர்ப்பு எழுதினார். பிரிவின் நற்பெயருக்குக் குந்தகமாக, அளவுக்கு மீறிய மனிதத் தொடர்பில் ஈடுபட்ட குற்றம் நிரூபணமானதால், சம்பந்தப்பட்டவர் மேட்டுத் தொட்டிக்கு நிரந்தர இரவுப் பணியில் தண்டனை மாற்றம் செய்யப்படுகிறார். தெருவில் கட்டில் மிதந்த நாளிலிருந்து அங்கே ஓர் ஆள் தேவைப்பட்டதும் உண்மை.

தொட்டிக்காரர் தண்டனையை அழாத குறையாக ஏற்றுக்கொண்டார் என்று கோப்பில் இருக்கிறது.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் பம்புக்காரர் இப்போது பகல், தொட்டிக்காரர் இரவு. இவர் போன் செய்யும் நேரத்தில் அங்கே ஆளில்லை, அங்கே ஆள் வரும் நேரத்தில் இவர் வீட்டுக்குப் போயிருப்பார். பத்து நாள் பார்த்தாள் மனைவி. சாப்பிடும்போது அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு, என்னமோ சொல்ல வந்து விழுங்குவதைக் கவனித்தாள்.

"ஒரு நடை மேட்டுக்குப் போயிட்டு வாங்களேன்," என்றாள். "அந்த மனுஷனுக்கும் சேத்து ஒரு டப்பால போட்டுத் தர்றேன். எட்டு மணிக்குச் சாப்பாடு. அதுக்குள்ள வந்திரணும்."

சைக்கிளை மிதித்துக்கொண்டு அவர் மேடேறியபோது மணி ஏழு. தொட்டிக்கு அடியில் அறைக்கதவு திறந்திருந்தது. தொட்டிக்காரர் டப்பாவை வாங்கி வைத்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டார். எதிரெதிராக உட்கார்ந்தார்கள்.

பேச்சு வரவில்லை. பம்புக்காரர் தொண்டையைச் செருமினார். வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டார். இருக்காங்க என்றார் தொட்டிக்காரர், வீட்டில் யாரும் கிடையாது என்பது இருவருக்கும் தெரிந்திருந்தும். கொஞ்சம் புழுக்கம் என்றார் இவர். ஆமாம் என்றார் அவர். எதிரில் இருந்த முகம் முன்பின் தெரியாத யாரோ ஒருவருடையதாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு என்ன பேசுவது? ஐந்து நிமிடம் போனது. பம்புக்காரர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்திருக்கப் போனார்.

தொட்டிக்காரர் நாற்காலியைத் தூக்கித் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து, இவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

"ம். இப்பச் சொல்லு பம்பு."

பம்புக்காரரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். பிறகு பேச ஆரம்பித்தார். பத்து நாள் பாக்கி இருந்தது, எட்டு மணிக்குச் சாப்பாடு. அதனால் கொஞ்சம் வேகமாகவே பேசினார்.